கீச், சர்ர், டக்

மொதல்லயே சொல்லிடறேன். கார் ரிப்பேர் பத்தி பாடம் எடுக்கிற அளவுக்கு நான் பெரிய பிஸ்தா எல்லாம் கிடையாது. படிச்சது மெக்கானிக்கல், பாக்குறது பொட்டி தட்டுற வேலை. டிஸ்க் பிரேக் படத்தை 16 மார்க்குக்கு ஸ்கேல் வச்சு வரைஞ்சு, அம்புக்குறி போட்டுப் பேரெல்லாம் எழுதியிருக்கேன். நிஜமான காலிபரைக் கையால தொட்டது போன அக்டோபர்லதான். அந்தக் கதைதான் இது.

நம்ம வண்டி 2010 மாடல் கொரோலா. நியூஜெர்சிக்கு வந்த புதுசுல, ஊருக்குத் திரும்பிப் போற ஒருத்தர்கிட்ட வாங்கினது. முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். ஒரு நாள் பிரேக் மிதிச்சா மெல்லிசா விசில் அடிக்க ஆரம்பிச்சுது. அது வண்டியோட குத்தம் இல்லைங்க. பேட்ல நாக்கு மாதிரி ஒரு சின்னத் தகடு வச்சிருப்பாங்க. பேட் தேஞ்சு ரெண்டு மூணு மில்லிமீட்டருக்கு வந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும். "என்னை மாத்துடா"ன்னு அர்த்தம். கத்துறதுக்காகவே டிசைன் பண்ணின சத்தம் அது.

கடையில கேட்டா முன் ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 380 டாலர்னாங்க. பேட் மட்டும் வாங்கினா 45 டாலர். மனசுக்குள்ள டாலரை ரூபாயாக்கிப் பாத்தேன். ஊர்லயா இருந்தா மெக்கானிக் அண்ணன்கிட்ட வண்டிய விட்டுட்டு, எதிர்ல டீ குடிச்சுட்டு வந்திருப்பேன். இங்க அந்த அண்ணனும் இல்ல, அந்த டீயும் இல்ல. நாலு வீடியோ பாத்தேன். எல்லாத்துலயும் 20 நிமிஷத்துல முடிச்சுட்டுக் கையைத் துடைக்கிறாங்க. நமக்குள்ள தூங்கிட்டிருந்த மெக்கானிக்கல் எஞ்சினியர் எழுந்து உக்காந்துட்டான்.

எங்க அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல கார் ரிப்பேர் பண்ணக் கூடாதுன்னு லீஸ்லயே எழுதியிருக்கு. அதனால பிஸ்காடவேல இருக்கிற காலேஜ் சீனியர் வீட்டுக்குப் போனேன். தனி வீடு, முன்னாடி சமதளமா சிமெண்ட் போட்ட இடம். ஜாக், ஜாக் ஸ்டாண்ட் எல்லாம் அவர்கிட்ட இருந்துச்சு. "டேய் தம்பி, வண்டியை ஜாக்ல மட்டும் நம்பி விடாத, ஸ்டாண்ட் போடு"ன்னு சொல்லிட்டு அவர் உள்ள போயிட்டார்.

விஷயம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. டிஸ்க்கைக் கிடுக்கி மாதிரி கவ்வி நிக்கிறதுதான் காலிபர். அதுல பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும். பிரேக் மிதிச்சா பிஸ்டன் உள்பக்க பேடைத் தள்ளும். அந்த எதிர்விசையில காலிபரே ரெண்டு பின் மேல நகர்ந்து வந்து வெளிப்பக்க பேடை இழுத்து அழுத்தும். ஆக, அந்த ரெண்டு பின்னும் சுலபமா நகரணும். அதே சமயம் அதுங்களைப் பிடிச்சிருக்கிற போல்ட் ரெண்டும் இறுக்கமா இருக்கணும். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வச்சுக்குங்க.

வலப்பக்கம் முடிக்க ரெண்டு மணி நேரம் ஆச்சு. (வீடியோல 20 நிமிஷம்!) காலிபரைக் கழட்டி, ஹோஸ்ல தொங்க விடாம கம்பியால கட்டி, சி-கிளாம்ப் போட்டு பிஸ்டனை உள்ள தள்ளி, புது பேட் வச்சு மூடினேன். இடப்பக்கம் ஆரம்பிச்சுப் பாதியில இருக்கும்போது ஃபோன். டேமேஜர். சனிக்கிழமை மத்தியானம் ப்ரொடக்‌ஷன்ல ஏதோ படுத்துடுச்சாம். கிரீஸ் கையோட உள்ள ஓடி, லேப்டாப்பைத் திறந்து ஒரு மணி நேரம் ஆணி புடுங்கினேன். திரும்பி வந்தப்போ இருட்டிட்டு வந்துது. மடமடன்னு வீலை மாட்டி, நட்டு எல்லாம் இறுக்கி, பெடலை நாலஞ்சு தடவை பம்ப் பண்ணிக் கெட்டியானதும் வீட்டுக்குக் கிளம்பிட்டேன். வழி பூரா 335 டாலர் மிச்சம் பண்ணின கணக்குதான் மண்டைக்குள்ள ஓடுச்சு.

சத்தம் அன்னிக்கே ஆரம்பிச்சுடுச்சு.

வண்டியை வார நாள்ல ஓட்டுறது தங்கமணிதான். பாப்பாவைப் பின்சீட்ல கட்டி வச்சுக்கிட்டு லைப்ரரி, பார்க், ஓக் ட்ரீ ரோட்ல மளிகைன்னு சுத்துறது அவங்க. நான் வீட்லருந்தே வேலை.

திங்கக்கிழமை சாயங்காலம் வந்து, "ஏங்க, பிரேக் சத்தம் போடுது"ன்னாங்க.

"புது பேட் அப்படித்தான் இருக்கும்மா. புதுச் செருப்பு மாதிரி. கொஞ்ச நாள் கடிக்கும், அப்புறம் படிஞ்சிடும்."

"செருப்பு கடிச்சா காலுக்குத்தான் புண்ணு. இது கடிச்சா?"

நான் சிரிச்சுட்டு ஸ்க்ரீனைப் பாக்கத் திரும்பிட்டேன். செவ்வாய்க்கிழமையும் சொன்னாங்க. புதன்கிழமை நானே ஓட்டிப் பாத்தேன். கீச்சுனு ஒரு தடவை கத்துச்சு. அதான் சொன்னேனேன்னேன். நம்ம ஆளுங்க "என் மெஷின்ல ஒழுங்கா ஓடுதே"ன்னு சொல்வோமே, அதேதான். என் மெஷினும் இல்ல அது. அவங்க ஓட்டுற மெஷின்.

வெள்ளிக்கிழமை காலையில ஃபிரிட்ஜ் கதவுல காந்தத்துக்குக் கீழ ஒரு பேப்பர் தொங்குச்சு. கட்டம் போட்டு, தங்கமணி கையெழுத்துல:

1. கீச் – காலையில முதல் ரெண்டு மூணு பிரேக், அப்புறம் மெதுவா மிதிக்கும்போதெல்லாம். அழுத்தி மிதிச்சா வராது. ரெண்டு பக்கமும்.

2. சர்ர் – பிரேக் மிதிக்காமலே வருது. வேகம் கூடினா வேகமா வருது. வளைவுல திரும்பினா மாறுது. வலப்பக்கம்.

3. டக் – ரிவர்ஸ் எடுத்துட்டு முன்னாடி போகும்போது முதல் பிரேக்ல மட்டும். ஒரே ஒரு தடவை. இடப்பக்கம். திங்கக்கிழமையை விட இப்ப சத்தம் ஜாஸ்தி.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். கல்யாணத்துக்கு முன்னாடி சோழிங்கநல்லூர்ல மூணு வருஷம் டெஸ்டரா இருந்தவங்க அவங்க. என் கூட வந்ததால இங்க வேலை பாக்க அனுமதி இல்ல. அந்தப் பேப்பரை மறுபடி மறுபடி படிச்சேன். என் டீம்ல இவ்வளவு சுத்தமா யாரும் எனக்கு பக் எழுதிக் கொடுத்ததில்ல. நான் அஞ்சு நாளா "பிரேக் சத்தம்"னு ஒத்தை வார்த்தையில மூடி வச்சிருந்தேன். அவங்க அதை மூணாப் பிரிச்சு, எப்ப வருது, எப்ப வரல, எந்தப் பக்கம், கூடுதா குறையுதா எல்லாம் எழுதிட்டாங்க.

ஞாயித்துக்கிழமை மறுபடியும் பிஸ்காடவே.

மொதல்ல ரெண்டாவது சத்தம். பிரேக் மிதிக்காமலே வந்தா பேட் மேல சந்தேகம் கம்மி. சக்கரத்தோட சேர்ந்து சுத்துற எதுவோ, சுத்தாத எதையோ உரசுது. வலது வீலைக் கழட்டி டிஸ்க்கைக் கையால சுத்தினேன். சர்ர்... ஒரு இடத்துல மட்டும். டிஸ்க்குக்குப் பின்னாடி தண்ணி, சேறு படாம இருக்க ஒரு மெல்லிசான தகடு இருக்கும். போன வாரம் பழைய பேடை நெம்பும்போது திருப்புளியை அந்தத் தகட்டு மேல முட்டுக் கொடுத்து நெம்பியிருக்கேன். வளைஞ்சு டிஸ்க்கைத் தொட்டுட்டு இருக்கு. விரலால இழுத்து விட்டேன். ரெண்டே நிமிஷம். சத்தம் போச்சு. சில சமயம் ஒரு சின்னக் கல்லு அந்த இடுக்குல மாட்டினாலும் இதே சத்தம் வருமாம்.

அடுத்தது கீச். இதுல பாதி நான் சொன்னது சரிதான். ராத்திரி பனியில டிஸ்க் மேல மெல்லிசா துரு பிடிக்கும். காலையில முதல் ரெண்டு மூணு பிரேக்ல அது வழிச்சுட்டுப் போயிடும். அந்தச் சத்தம் ஒண்ணும் பண்ணாது. ஆனா நாள் பூரா, மெதுவா மிதிக்கும்போதெல்லாம் வந்தா அது வேற. பேட் டிஸ்க்குல ஒட்டி, வழுக்கி, ஒட்டி, வழுக்கி ஒரு நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல அதிரும். கரும்பலகையில சாக்பீஸ் கீச்சிடுமே, அதே கதை. அந்த அதிர்வை அடக்கத்தான் பேட் முதுகுல ஷிம்னு ஒரு தகடும், பேடோட ரெண்டு காதும் உக்கார்ற இடத்துல ஸ்பிரிங் மாதிரி கிளிப்பும் வைக்கிறாங்க.

நான் பண்ணின கூத்து என்னன்னா, பெட்டியில புது கிளிப் நாலு பக்கத்துக்கும் இருந்துச்சு. பழசு நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன். கழட்டிப் பாத்தா கிளிப்புக்கு அடியில துரு தடிச்சுப் போய்க் கிடக்கு. இங்க பனிக்காலத்துல ரோட்ல உப்பு கொட்டுவாங்க, அதோட வேலை. பேட் சுதந்திரமா நகர முடியாம இறுக்கமா உக்காந்திருக்கு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, புது கிளிப் மாட்டி, பேடோட காதுலயும் முதுகுலயும் பிரேக்குக்குன்னே விக்கிற கிரீஸை மெல்லிசாத் தடவினேன். உரசுற முகத்துல ஒரு பொட்டு கூடப் படக்கூடாது. பட்டா பிரேக்கே பிடிக்காது. போன வாரம் அந்தப் பயத்துல கிரீஸே போடாம விட்டிருந்தேன். பின்னுக்கு சிலிகான் கிரீஸ். சாதா பெட்ரோலியம் கிரீஸ் போட்டா ரப்பர் பூட் உப்பிப் பின் சிக்கிக்கும்.

இன்னொண்ணும் விட்டிருந்தேன். பேட் பெட்டியில ஒரு துண்டுச் சீட்டு இருந்துச்சு. படிக்காம குப்பையில போட்டேன். புது பேடை டிஸ்க்கோட பழக்கணும். 30 மைல் வேகத்துல இருந்து நிதானமா நிறுத்தணும், அது மாதிரி 30 தடவை, நடுவுல 30 நொடி ஆற விடணும். அப்பதான் பேடோட பொருள் டிஸ்க் மேல சமமா ஒரு படலமாப் படியும். "கொஞ்ச நாள்ல படிஞ்சிடும்"னு நான் விட்ட டயலாக்ல உண்மை இருக்கு. ஆனா தானா படியாது, படிய வைக்கணும்.

இவ்வளவும் வலப்பக்கம் முடிஞ்சப்போ மணி ரெண்டு. இடப்பக்கமும் கிளிப் மாத்தணும், ஆனா பசி. அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு ஒரு எண்ணம். மூணாவது சத்தம்? அது டிக்கில கிடக்கிற பாப்பாவோட ஸ்ட்ரோலர் உருளுற சத்தம்னு நானே முடிவு பண்ணி வச்சிருந்தேன். ரிவர்ஸ் எடுத்துட்டு முன்னாடி வந்தா உருளாதா பின்ன? டூல் எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு இருக்கும்போது ஃபோன். இந்தத் தடவை டேமேஜர் இல்ல, தங்கமணி.

"டக் பாத்தீங்களா?"

"அது ஸ்ட்ரோலர்னு நெனைக்கிறேன்."

"வியாழக்கிழமை ஸ்ட்ரோலரை வீட்ல எடுத்து வச்சுட்டுத்தான் ஓட்டிப் பாத்தேன். அப்பவும் வந்துச்சு."

ஒண்ணும் பேச முடியல. இடது வீலைக் கழட்டினேன்.

காலிபரைப் பிடிச்சு ஆட்டினேன். ஆடுச்சு. மேல் போல்ட்ல 14 நம்பர் ஸ்பானர் போட்டேன், கல்லு மாதிரி இருந்துச்சு. கீழ் போல்ட்டுக்கு ஸ்பானரே தேவைப்படல. ரெண்டு விரலால திருகினேன், திருகிட்டு வந்துச்சு.

அப்படியே தரையில உக்காந்துட்டேன்.

எல்லாம் ஞாபகம் வந்துது. கீழ் போல்ட்டைக் கையால நாலு சுத்து மாட்டினேன். ஸ்பானரை எடுக்கும்போதுதான் ஃபோன் அடிச்சுது. ஒரு மணி நேரம் கழிச்சுத் திரும்பி வந்து பாத்தா போல்ட் அதோட இடத்துல இருக்கு. பாக்க முடிஞ்ச மாதிரியே இருக்கு. வீலை மாட்டிட்டேன்.

"டக்"கோட கணக்கு இதுதான். முன்னாடி போகும்போது பிரேக் போட்டா டிஸ்க் பேடையும் காலிபரையும் ஒரு பக்கமா இழுத்துட்டுப் போய் நிறுத்தும். ரிவர்ஸ்ல எதிர்ப்பக்கம். எல்லாம் இறுக்கமா இருந்தா இந்த நகர்வு தெரியவே தெரியாது. லூஸா இருந்தா, திசை மாறினதும் போடுற முதல் பிரேக்ல மட்டும் இடிக்கும். ஒரே ஒரு தடவை. அவங்க எழுதினது அச்சு அசலா அதேதான். "திங்கக்கிழமையை விட ஜாஸ்தி"ன்னா, ஒவ்வொரு பிரேக்குக்கும் போல்ட் கொஞ்சம் கொஞ்சமா கழண்டுட்டு வந்திருக்கு.

முழுசா கழண்டு விழுந்திருந்தா? காலிபர் மேல் பின்னை அச்சா வச்சுக்கிட்டுத் தூக்கிச் சுழன்று வீலோட உள்பக்கத்துல மோதும். பிரேக் ஹோஸ் பிஞ்சா ஃப்ளூயிட் வெளிய. இந்த மாதிரி வண்டியில பிரேக் லைன் குறுக்குக் குறுக்கா ரெண்டு சர்க்யூட்டாப் பிரிஞ்சிருக்கும், ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பாதி பிரேக்காவது பிடிக்கும். இதெல்லாம் 16 மார்க்குக்குப் படிச்சவன்தான் நான். அன்னிக்கு அந்தச் சிமெண்ட் தரையில உக்காந்து அதையே மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். ஒரு ஆறுதலும் வரல. அவங்க ஐ-287ல ஏறியிருப்பாங்களா, எத்தனை தடவைன்னுதான் ஓடிட்டு இருந்துச்சு. வலப்பக்கம் பின்சீட்ல பாப்பாவோட சீட், அதுல பாதி கடிச்ச பிஸ்கட் ஒண்ணு கிடந்துச்சு.

சீனியர் அண்ணன் வெளிய வந்தார். என் மூஞ்சியைப் பாத்துட்டு ஒண்ணும் கேக்கல. உள்ள போய் டார்க் ரென்ச் எடுத்துட்டு வந்து கொடுத்தார். இந்தக் காலிபர் போல்ட்டுக்கு 25 அடி-பவுண்ட், வீல் நட்டுக்கு 76. இடப்பக்கமும் கிளிப் மாத்தி, கிரீஸ் போட்டு, ஒவ்வொரு போல்ட்டையும் "க்ளிக்" கேக்கற வரைக்கும் இறுக்கினேன். கேட்டதும் போல்ட் தலையில இருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயிண்ட் பேனாவால ஒரு கோடு போட வச்சார் அண்ணன். கோடு இல்லன்னா இறுக்கலன்னு அர்த்தம். கோடு உடைஞ்சிருந்தா போல்ட் நகர்ந்துடுச்சுன்னு அர்த்தம். "நடுவுல ஃபோன் வந்தாலும் கோடு பொய் சொல்லாதுடா"ன்னார்.

ராத்திரி பாப்பா தூங்கினதும் தங்கமணிகிட்ட சொன்னேன். சொல்லாம விட்டுடலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சது நிஜம். சொன்னேன். ரெண்டு விரல்ல திருகினதைச் செஞ்சே காட்டினேன். அவங்க கொஞ்ச நேரம் பேசல. திட்டுவாங்கன்னு எதிர்பாத்தேன். திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

"மூணு நாள் சொன்னேன்ல"ன்னாங்க. அவ்ளோதான்.

நான் எழுந்து போய் ஃபிரிட்ஜ்ல இருந்த பேப்பர்ல மூணு வரியையும் அடிக்கப் பேனாவை எடுத்தேன். பேனாவைப் பிடுங்கிட்டாங்க.

"நான் டெஸ்ட் பண்ணாம நீங்க எப்படி க்ளோஸ் பண்ணுவீங்க?"

மறுநாள் காலையில பாப்பாவை என்கிட்ட விட்டுட்டுத் தனியா வண்டிய எடுத்துட்டுப் போனாங்க. ஜன்னல்லருந்து பாத்தேன். காலியா கிடந்த பார்க்கிங்ல ரிவர்ஸ், முன்னாடி, பிரேக். ரிவர்ஸ், முன்னாடி, பிரேக். பத்து தடவைக்கு மேல எண்ணினேன். அப்புறம் வெளிய போய் அரை மணி நேரம் கழிச்சு வந்தாங்க. ரெண்டாவது, மூணாவது வரி அடிச்சாச்சு. முதல் வரிக்கு நேரா "காலையில மட்டும் வருது, பரவாயில்ல"ன்னு எழுதினாங்க. எழுதிட்டு, "மூணு வருஷத்துக்கு அப்புறம் ஒரு பக் எழுதியிருக்கேன்"னு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பைப் பத்தித் தனியா எழுதணும், எழுத வருமான்னு தெரியல.

ஒரு மாசம் கழிச்சு வீலைக் கழட்டி மறுபடி பாத்தேன். கோடு எல்லாம் நேரா இருந்துச்சு. டார்ச் பிடிச்சுட்டுப் பக்கத்துல நின்னது யாருன்னு சொல்ல வேண்டியதில்ல.

அந்தப் பேப்பர் இப்ப கார் க்ளவ் பாக்ஸ்ல இருக்கு.

டிஸ்கி: பிரேக்ல கை வைக்கப் போற மகாஜனங்களுக்கு நாலே வரி. ஒரு பக்கத்தை முடிச்சுட்டு அடுத்த பக்கம் போங்க, நடுவுல ஃபோன் வந்தா எடுக்காதீங்க. எடுத்தே ஆகணும்னா திரும்பி வந்து முதல் போல்ட்லருந்து மறுபடி ஆரம்பிங்க. சத்தம் வந்தா எப்ப வருதுன்னு எழுதி வைங்க. வண்டிய தினமும் ஓட்டுறவங்க சொல்றதைக் கேளுங்க. இடிக்கிற சத்தமா இருந்தா அன்னிக்கே வண்டிய நிறுத்திடுங்க. இதெல்லாம் முடியாதுன்னா 380 டாலர் ஒண்ணும் பெரிய காசு இல்லைங்க.